எண்ணிக்கையில கம்மியா வந்த ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கீங்களா? ரிப்பேர் தேடுறதுல இருந்து பார்ட்ஸ் புடிக்கிற வரைக்கும்

சின்ன கம்பெனி செஞ்ச ஸ்போர்ட்ஸ் கார வாங்குனவங்களுக்கு முதல்ல வர்ற பயம் பார்ட்ஸ் கிடைக்குமாங்கிறதுதான். லோட்டஸ், டிவிஆர், ஜினெட்டா, மார்கன், கேட்டர்ஹாம் எதுவா இருந்தாலும் இந்த பயம் வரும். ஆனா காரை கொஞ்சம் கழட்டிப் பாத்தா ஒரு விஷயம் புரிய ஆரம்பிக்கும், உள்ள இருக்குற சாமான்ல பெரும்பகுதி அந்த கம்பெனி செஞ்சதே இல்ல. வருஷத்துக்கு சில நூறு கார், மிஞ்சிப்போனா சில ஆயிரம் கார் விக்கிறவங்களால சொந்தமா இன்ஜின் டிசைன் பண்ணி, கியர்பாக்ஸ் பண்ணி, ஒவ்வொரு லைட்டுக்கும் அச்சு செஞ்சு கட்டுப்படியாகாது, அதனால பெரிய கம்பெனிங்ககிட்ட இருந்து வாங்கி மாட்டிடுவாங்க. 1996ல வந்த முதல் லோட்டஸ் எலிஸ்ல இருந்தது ரோவரோட 1.8 லிட்டர் கே சீரிஸ் இன்ஜின், 2004ல இருந்து டொயோட்டாவோட 2இசட்இசட்-ஜிஇ இன்ஜின் போட்டதும் வந்துச்சு. டி டொமாசோ பான்டெராவுல ஃபோர்டோட 351 க்ளீவ்லாண்ட் வி8, கூட இசட்எஃப் கியர்பாக்ஸ். டிலோரியன்ல பூஜோ, ரெனோ, வோல்வோ மூணும் சேந்து செஞ்ச வி6. ஆஸ்டன் மார்ட்டின் டிபி7ல பின்னாடி லைட்டு மஸ்தா 323எஃப்ல வந்தது, ஜாகுவார் எக்ஸ்ஜே220ல ரோவர் 200ஓட லைட்டு.

அதனால இந்த மாதிரி காரோட காலம் தள்ளணும்னா முதல் வேலை ஸ்பானர் எடுக்கிறது இல்ல, ஒரு நோட்டு போடுறது. ஒரு பக்கம் கடன் வாங்குன சாமான், இன்னொரு பக்கம் அந்த கம்பெனிக்கே சொந்தமான சாமான். கடன் சாமானப் பத்தி நீங்க ராத்திரி தூக்கம் கெட வேண்டியதில்ல, அது இன்னொரு சாதாரண காருக்காக லட்சக்கணக்குல செஞ்சது, எங்கயாவது கிடைக்கும். சொந்த சாமான்தான், அதாவது பாடி பேனல், முன் கண்ணாடி, சஸ்பென்ஷன் ஆர்ம், வயரிங் ஹார்னஸ், உள்ள இருக்குற ட்ரிம் துண்டுங்க, இதெல்லாம்தான் கண்ணுக்குள்ள வச்சு பாத்துக்க வேண்டியது. இந்த பிரிப்பு ஒன்னு மனசுல தெளிவா இருந்துட்டா எதுக்கு பதறணும் எதுக்கு பதற வேண்டாம்னு தானா தெரியும்.

சரி, ஒரு சாமான் எந்த கார்ல இருந்து வந்ததுன்னு எப்படி கண்டுபுடிக்கிறது? பெட்டில இருக்குற பார்ட் நம்பர நம்பாதீங்க, அது பல நேரம் கார் கம்பெனி தன் கணக்குக்கு ஒட்டுன நம்பர். சாமானக் கையில எடுத்து மண்ணெண்ணெய்ல துடைச்சு, டார்ச்ச சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. வார்ப்புல எங்கயாவது ஒரு மூலையில பாஷ், லூகாஸ், கர்லிங், டெல்கோ, வாலியோன்னு உண்மையா செஞ்சவங்க பேரும் அவங்க நம்பரும் இருக்கும், அந்த நம்பரத் தேடுனா அதே சாமான் எந்தெந்த கார்ல இருக்குன்னு வெளிய வந்துரும். பேரிங்கா இருந்தா இன்னும் சுலபம், விளிம்புல பொறிச்சிருக்குற நம்பர்லயே அளவு இருக்கு. 6204னு போட்டிருந்தா உள் விட்டம் 20 மி.மீ., வெளி விட்டம் 47, அகலம் 14, உலகத்துல எந்த பேரிங் கடையிலயும் அது 6204தான். ஆயில் சீல்லயும் அப்படித்தான், ரப்பர் முகத்துல 35-50-8னு மூணு நம்பர் இருக்கும், தண்டு விட்டம், துளை விட்டம், தடிமன். கார் பேரே சொல்லாம அளவ மட்டும் சொல்லி வாங்கிட்டு வந்துரலாம். ரிலேவும் அதே கதைதான், அடியில 30, 85, 86, 87னு நம்பர் இருந்தா அது சாதாரண நாலு கால் ரிலே, 85க்கும் 86க்கும் நடுவுல காயில், 30ல கரண்ட் உள்ள வருது, 87ல வெளிய போகுது. ஆம்பியர் ஒத்துப் போச்சுன்னா, உள்ள டயோடு எதுவும் இல்லன்னா, வேற எந்த கார் ரிலேவும் ஓடும்.

இதுல ஒரு எச்சரிக்கை சொல்லணும். இன்ஜின் ஒன்னுதான்னு கண்ண மூடிக்கிட்டு எல்லாத்தையும் வாங்கிடாதீங்க. எலிஸ்ல இருக்குற 2இசட்இசட் இன்ஜின் டொயோட்டா செலிக்காவுலயும் பான்டியாக் வைப் ஜிடிலயும் இருந்ததுதான், அதனால இன்ஜினுக்குள்ள இருக்குற சாமான், ப்ளக், வாட்டர் பம்ப் இதெல்லாம் அங்க இருந்து வரும், ஆனா ஈசியு, அதாவது இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர், லோட்டஸோடது, எக்ஸாஸ்டும் இன்ஜின் மவுன்ட்டும் லோட்டஸோடது. அப்புறம் சின்ன கம்பெனிங்க வருஷ நடுவுல சத்தமில்லாம சாமான மாத்திடுவாங்க, அன்னைக்கு ஸ்டாக்குல எது இருந்துச்சோ அத மாட்டுன காலமும் உண்டு. முதல் எலிஸ்லயே ஆரம்பத்துல வந்த கார்ல அலுமினியம் காம்போசிட் பிரேக் டிஸ்க், பின்னாடி வந்ததுல சாதாரண வார்ப்பிரும்பு டிஸ்க், ரெண்டுக்கும் பேடு வேற. அதனால ஆர்டர் போடும்போது மாடல் வருஷத்த மட்டும் சொல்லாம சேசிஸ் நம்பர சொல்லுங்க, பழைய சாமான் கையில இருந்தா அளந்து சொல்லுங்க. புதுசு மாட்டி ஓடுற வரைக்கும் பழசத் தூக்கிப் போடவே போடாதீங்க, உடைஞ்ச க்ளிப்பா இருந்தாலும் அதுதான் உங்ககிட்ட இருக்குற ஒரே சாம்பிள், அத வச்சு ஸ்கேன் பண்ணி புதுசு அச்சடிக்கலாம்.

இப்ப ரிப்பேர் தேடுற விஷயத்துக்கு வருவோம். இந்த கார்ங்க மேல ஒரு கெட்ட பேரு இருக்கு, எலக்ட்ரிக்கல் பேய் புடிச்சதுன்னு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, பாதிக்கு மேல அது எர்த் பிரச்சனை, அதாவது கரண்ட் பேட்டரிக்கு திரும்பிப் போற வழியில வர்ற கோளாறு. சாதாரண கார்ல பாடியே இரும்பு, லைட்டுல இருந்து ஒரு குட்டி வயர் எடுத்து பக்கத்துல இருக்குற தகட்டுல முறுக்கிட்டா போதும். இங்க பல கார்ல பாடி ஃபைபர் கிளாஸ், கரண்ட் திரும்பிப் போக வழியே கிடையாது, அதனால ஒவ்வொரு லைட்டுக்கும் மோட்டாருக்கும் எர்த் வயர் தனியா ஓடி, பல வயர் ஒன்னா சேந்து சேசிஸ்ல ஒரே போல்ட்ல முடியும். அந்த ஒரு போல்ட்டுல பச்சையோ வெள்ளையோ பூத்துச்சுன்னா ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்லாத நாலு கோளாறு ஒரே நேரத்துல வரும். இண்டிகேட்டர் போட்டா ஹெட்லைட் மங்குது, பிரேக் மிதிச்சா ஃபியூயல் கேஜ் ஊசி ஆடுது, இந்த மாதிரி இருந்தா லைட்டையும் கேஜையும் மாத்தக் கிளம்பாதீங்க, நேரா எர்த்துக்கு போங்க.

எப்படி பாக்குறதுன்னா, ஒரு மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட்ல 20 ஸ்கேல்ல வைங்க. கருப்பு முனைய பேட்டரியோட நெகட்டிவ் கம்பத்துல புடிங்க, கிளாம்ப்ல இல்ல, கம்பத்துலயே. சிவப்பு முனைய சந்தேகப்படுற லைட்டோட எர்த் பின்னுல வைங்க, லைட்ட போட்டு எரிய விடுங்க. எரியாம அளந்தா ஒன்னும் தெரியாது, கரண்ட் ஓடும்போதுதான் தப்பு வெளிய வரும், இது ரொம்ப பேரு தவற விடுற இடம். மீட்டர்ல 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் நல்லா இருக்கு. 0.3, 0.5னு காட்டுனா நடுவுல எங்கயோ அடைப்பு இருக்கு. சிவப்பு முனைய வயர் போற வழியில ஒவ்வொரு ஜாயின்ட்டா பேட்டரி பக்கமா நகர்த்திட்டே வாங்க, எந்த ஜாயின்ட்ட தாண்டுனதும் ரீடிங் டக்குனு விழுதோ அங்கதான் கோளாறு. கழட்டி, எமரி பேப்பர் போட்டு பளபளன்னு தேச்சு, இறுக்கி, மேல வேசலின் இல்லன்னா டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூசி விடுங்க. சேசிஸ் அலுமினியமா இருந்தா இன்னும் அடிக்கடி பாக்கணும், அலுமினியமும் இரும்பு போல்ட்டும் ஈரத்துல ஒட்டி இருந்தா அலுமினியம்தான் அரிச்சுப் போகும்.

வண்டி நின்ன இடத்துலயே பேட்டரி இறங்கிப் போறது அடுத்த பெரிய புகார். வாரத்துக்கு ஒரு தடவைதான் எடுக்குறோம், அலாரமும் இம்மொபிலைசரும் ராவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிட்டே இருக்கும், பேட்டரியும் எடை குறைக்க சின்னதாதான் வச்சிருப்பாங்க. முழு சார்ஜ்ல நிக்கிற பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும், 12.2க்கு வந்தா பாதி காலி. இன்ஜின் ஓடும்போது 13.8ல இருந்து 14.4 வரைக்கும் இருந்தா ஆல்டர்னேட்டர் மேல பழி போடாதீங்க. எங்க கசியுதுன்னு பாக்க, நெகட்டிவ் கேபிள கழட்டி நடுவுல மீட்டர ஆம்பியர்ல மாட்டி, கதவ எல்லாம் மூடி, எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் தூங்குற வரைக்கும் காத்திருந்து பாருங்க. 50 மில்லி ஆம்பியருக்கு கீழ இருந்தா சரி. மேல இருந்தா ஃபியூஸ ஒன்னொன்னா எடுங்க, எத எடுத்ததும் குறையுதோ அந்த லைன். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவிய திருப்பிடாதீங்க, ஸ்டார்ட்டர் இழுக்குற கரண்ட்ல மீட்டர் ஃபியூஸ் போயிரும். கசிவு இல்லாட்டியும் ஒரு நல்ல பேட்டரி மெயின்டெய்னர் வாங்கி மாட்டி விடுங்க, இந்த காருக்கு பண்ற செலவுலயே உருப்படியான செலவு அதுதான்.

கூலிங் சிஸ்டத்துக்கு வந்தா இங்கதான் இன்ஜின் சாகுது, அதனால நிதானமா படிங்க. எலிஸ் மாதிரி கார்ல இன்ஜின் நடுவுலயோ பின்னாடியோ இருக்கும், ரேடியேட்டர் முன்னாடி மூக்குல இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல காரோட நீளத்துக்கு பைப் ஓடும். தண்ணி மாத்துனா உள்ள காத்து மாட்டிக்கும், லேசுல வெளிய வராது. டெம்பரேச்சர் ஏறுது, ஆனா ஹீட்டர திறந்தா சில்லுனு காத்து வருதுன்னா அது பெரும்பாலும் ஏர் லாக். இன்ஜின் நல்லா ஆறுன பிறகு, ஹீட்டர முழுசா திறந்து, மேனுவல்ல சொன்ன ப்ளீடு ஸ்க்ரூ (காத்த வெளிய விடுற திருகு) எல்லாத்தையும் திறந்து, மெதுவா ஊத்தி, குமிழி இல்லாம தண்ணி வழியுற வரைக்கும் விட்டு மூடணும். சில கார்ல மூக்க உசத்தி வச்சாதான் காத்து நகரும். வேக்குவம் ஃபில்லர்னு ஒன்னு இருக்கு, முதல்ல காத்த உறிஞ்சிட்டு அப்புறம் கூலன்ட்ட இழுத்துக்கும், அது யாருகிட்டயாவது இருந்தா கேட்டு வாங்கி பண்ணிடுங்க, பாதி நாள் வேலை மிச்சம்.

ரொம்ப முக்கியமான ஒன்னு, ஓட்டிட்டு இருக்கும்போது டெம்பரேச்சர் ஊசி ஏறிட்டு திடீர்னு கீழ விழுந்தா நிம்மதி ஆகாதீங்க, உடனே ஓரம் கட்டி ஆஃப் பண்ணுங்க. சென்சார் தண்ணியில மூழ்கி இருந்தாதான் சரியா காட்டும், தண்ணி எல்லாம் வெளிய போய் சென்சார் காத்துல நின்னா கேஜ் நல்லா இருக்குற மாதிரி கீழ வந்துரும், அந்த நேரத்துல உள்ள ஹெட், அதாவது சிலிண்டருக்கு மேல மூடுற பகுதி, வெந்துக்கிட்டு இருக்கும்.

கே சீரிஸ் இன்ஜின் இருந்தா இது இன்னும் உஷாரா இருக்க வேண்டிய விஷயம். அந்த இன்ஜின்ல கூலன்ட் அளவே கம்மி, அதனால கொஞ்சம் கசிஞ்சாலும் சீக்கிரம் சூடாகும், தெர்மோஸ்டாட் இன்லெட் பக்கம் இருக்கறதால அது திறக்கும்போது நீளமான பைப்புல இருந்த குளிர்ந்த தண்ணி மொத்தமா சூடான இன்ஜினுக்குள்ள வரும், ஹெட்டுக்கு அடியில சீல் மாதிரி இருக்குற ஹெட் கேஸ்கெட் பாவம் என்ன பண்ணும். ஆரம்ப இன்ஜின்ல ஹெட்ட நிலைநிறுத்துற டவல்ங்கிற குட்டி முளை பிளாஸ்டிக், பின்னாடி ஸ்டீலுக்கு மாத்துனாங்க. கேஸ்கெட் மாத்துற வேலைக்கு போனா ஸ்டீல் டவல், பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் எல்லாம் சேத்து பண்ணுங்க, லைனர், அதாவது பிஸ்டன் ஓடுற குழாய், அதோட உயரத்த அளக்காம ஹெட்ட மூட விடாதீங்க. லைனர் உக்காந்து போயிருந்தா எந்த கேஸ்கெட்டும் நிக்காது. கேஸ்கெட் போயிருச்சான்னு சந்தேகம் வந்தா கழட்டுறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுங்க, எக்ஸ்பான்ஷன் டேங்க் வாயில வைக்கிற கெமிக்கல் டெஸ்டர் இருக்கு, நீல திரவம் மஞ்சளா மாறுனா எரிஞ்ச காஸ் தண்ணியில கலக்குது. ஆயில் மூடியில வெள்ளையா கிரீம் மாதிரி இருக்குன்னு மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, கார குட்டி குட்டி தூரத்துக்கே ஓட்டுனா ஈரப்பதம் ஆவியாகாம அந்த மாதிரி படியும். நல்லா சூடேற ஒரு நீள ஓட்டு ஓட்டிட்டு, துடைச்சிட்டு மறுபடி பாருங்க.

டொயோட்டா இன்ஜின் எலிஸ்காரங்களுக்கு இந்த கவலை கம்மி, அவங்களுக்கு வேற. 6,200 ஆர்பிஎம் பக்கத்துல வால்வ இன்னும் அதிகமா திறக்குற பெரிய கேமுக்கு மாறும்போது ஒரு உதை வரணும். வரலன்னா முதல்ல இன்ஜின் சூடாகியிருக்கான்னு பாருங்க, ஆறியிருந்தா கம்ப்யூட்டரே மாற விடாது. அப்புறம் ஆயில் லெவல், அப்புறம் ஆயில் கன்ட்ரோல் வால்வுக்கு முன்னாடி இருக்குற குட்டி வலை ஃபில்டர், அதுக்கும் அப்புறம்தான் உள்ள இருக்குற லிஃப்ட் போல்ட். ஆரம்ப வருஷ இன்ஜின்ங்கள்ல அந்த போல்ட் உடையுறது தெரிஞ்ச விஷயம். அதே கார்ல ரேடியேட்டரோட பிளாஸ்டிக் ஓரமும் அலுமினியம் நடுப்பகுதியும் சேர்ற இடத்துல கசியும், அத மாத்தணும்னா முன் பாடிய, க்ளாம்னு சொல்வாங்க, முழுசா கழட்டணும். கழட்டுறதுன்னு ஆகிட்டா ரேடியேட்டர் மட்டும் மாத்திட்டு மூடாதீங்க, உள்ள இருக்குற ஹோஸ், கிளிப், ஃபேன், ஆயில் கூலர் பைப் ஜாயின்ட், எர்த் போல்ட் எல்லாத்தையும் ஒரே மூச்சுல பாத்துருங்க. நோட்டுல "க்ளாம் கழட்டும்போது பண்ண வேண்டியது"ன்னு ஒரு பக்கம் தனியா வச்சு, ஞாபகம் வரும்போதெல்லாம் எழுதிட்டே வாங்க.

ரெண்டாவது சீரிஸ் எலிஸ் வச்சிருக்கவங்க பின் சக்கரத்தோட டோ லிங்க்க, அதாவது சக்கரம் நேரா நிக்க புடிச்சு வைக்கிற கம்பிய, விட்டுராதீங்க. ட்ராக்ல ஓட்டுற கார்ல அதோட பால் ஜாயின்ட் உடைஞ்ச சம்பவங்க இருக்கு, உடைஞ்சா பின் சக்கரம் தன் இஷ்டத்துக்கு திரும்பும். கார தூக்கி, சக்கரத்த இடது வலது ஓரத்துல புடிச்சு ஆட்டிப் பாருங்க, துளி ஆட்டம் இருந்தாலும் ஓட்டாதீங்க. ட்ராக் போற பழக்கம் இருந்தா பலமான கிட் போட்டுட்டு போங்க.

தூக்குறதப் பத்தி சொல்லியே ஆகணும். எலிஸோட சேசிஸ் அலுமினியம் துண்டுகள பசை போட்டு ஒட்டுனது, மொத்தமே 68 கிலோ, முதல் சீரிஸ் கார் முழுசா 725 கிலோ பக்கத்துலதான். அத கண்ட இடத்துல ஜாக்கி வச்சு தூக்குனா நசுங்கும், ஃபைபர்ல வச்சா விரிசல் விடும். மேனுவல்ல இருக்குற ஜாக்கி பாயின்ட்ட பெயின்ட் பேனால குறிச்சு வச்சிருங்க, டயர் கடைக்கு போனா கூடவே நின்னு காட்டுங்க. யாராவது சேசிஸ்ல சின்னதா ஒரு வெல்டு வச்சுரலாம்னு சொன்னா கார எடுத்துட்டு வந்துருங்க, சூட்டுல பசை போயிரும்.

மெக்கானிக் விஷயத்துல நான் சொல்றது, இந்த பிராண்டு தெரிஞ்சவரத்தான் தேடணும்னு இல்ல. இன்ஜின் ரோவரா, டொயோட்டாவா, ஃபோர்டா, அந்த இன்ஜின் தெரிஞ்சவரு போதும், மிச்சத்த நீங்க குடுங்க. வயரிங் டயக்ராம பெருசா பிரின்ட் எடுத்து, டார்க் அளவு (எந்த போல்ட்ட எவ்வளவு இறுக்கணும்ங்கிறது) எல்லாம் ஒரே தாள்ல எழுதி, கோளாறு எப்ப வருது, சூடா இருக்கும்போதா ஆறுன பிறகா, மழையிலயா, திருப்பத்துலயானு எழுதி காரோட சேத்து குடுங்க. "ஏதோ சத்தம் வருது"ன்னு விட்டா அவரும் பாவம், ஒவ்வொன்னா மாத்திப் பாப்பாரு, காசு உங்களது. ஒரே நேரத்துல ரெண்டு சாமான் மாத்த விடாதீங்க, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாம போயிரும்.

ஓட்டாம வைக்கிறதும் இந்த கார்ங்களுக்கு ஆகாது. டயர் தேயாமலே கிழடாகும், பக்கவாட்டுல டிஓடின்னு ஆரம்பிக்கிற வரிசையோட கடைசி நாலு நம்பர பாருங்க, 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. கட்டை எவ்வளவு இருந்தாலும் வயசான டயர் ஈரத்துல புடிக்காது, எடை கம்மியான கார்ல அது இன்னும் மோசம். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, க்ளட்ச்சும் ஹைட்ராலிக்கா இருந்தா அதையும் சேத்து. பழைய பெட்ரோல் ஹோஸ் எத்தனால் கலந்த பெட்ரோல்ல உள்ள இருந்து கரையும், மாத்தும்போது ஆர்9 தரம்னு எழுதியிருக்குறத போடுங்க, இன்ஜின் பக்கத்துலயே ஓடுற ஹோஸ் அது.

கார்ல எப்பவும் ஒரு பை இருக்கட்டும். மல்டிமீட்டர், ஃபியூஸ், ரெண்டு ரிலே, ஹோஸ் கிளிப், ஒட்டுற ரப்பர் டேப், கேபிள் டை, தண்ணி, டார்ச், கையுறை, கூடவே டோயிங் ஐ, அதாவது கார இழுக்க மாட்டுற வளையம். டோயிங் ஐய கார் வாங்குன அன்னைக்கே ஒரு தடவை மாட்டிப் பாத்துருங்க, பல கார்ல மரை துருப்புடிச்சு ஏறாது. வண்டி நின்னு போச்சுன்னா போன்ல சொல்லும்போதே ஃபுல் ஃப்ளாட்பெட் (கார முழுசா மேல ஏத்துற லாரி) வேணும், முன் பக்கம் ரொம்ப தாழ்வு, சக்கரத்துல கட்டுற ஸ்ட்ராப் வேணும், கொக்கி வேண்டாம்னு சொல்லிருங்க. வந்தவரு அவசரத்துல சஸ்பென்ஷன் ஆர்ம்ல கொக்கி போடப் பாப்பாரு, பக்கத்துலயே நின்னு தடுங்க, அந்த ஆர்ம் உங்க நோட்டுல சொந்த சாமான் பக்கத்துல இருக்குறது. ஏத்தும்போது மூக்கு தட்டுச்சுன்னா ராம்ப்புக்கு அடியில நீளமா ரெண்டு பலகை போட்டா சரிவு குறையும், பலகை அவருகிட்ட இருக்கான்னும் போன்லயே கேட்டு வச்சுக்கோங்க.